உலர்பழ பை: அடிமாவு வேகாததற்கும் பழம் இறுகியதற்கும் காரணம் ஒன்றுதான்

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உலர்ந்த ஆப்பிள், ஆப்ரிகாட், திராட்சை மூன்றையும் போட்டு, கடையில் விற்கும் தயார் மாவு எதுவும் வாங்காமல், மேலே மூடி போட்ட பழைய பாணி பை (pie, மாவுக்குள் பூரணம் வைத்து ஓவனில் சுடுவது) ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறீர்கள். முதல் தடவை உள்ளே சாறு ஓடி அடிமாவு களியாகிவிட்டது. அடுத்த தடவை தண்ணீரைக் குறைத்தீர்கள், அப்போது பழம் சவ்வு மாதிரி இழுத்தது, அடிமாவு மட்டும் பழையபடி பச்சையாகவே இருந்தது. மேல்மாவு இரண்டு தடவையும் நன்றாகச் சிவந்திருக்கிறது. அதனால் நல்ல மாவுக் கணக்கு ஒன்று வேண்டும், சோள மாவு எவ்வளவு போடுவது என்றும் தெரிய வேண்டும் என்கிறீர்கள்.

இரண்டையும் சொல்கிறேன். ஆனால் உங்கள் சிக்கல் அந்த இரண்டிலும் இல்லை. இந்தப் பையில் தண்ணீர் எங்கே இருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. பேக்கரி வேலையை முறையாகக் கற்று, பல வருடமாக அதையே தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எது உறுதியானது, எது வெறும் கைப்பழக்கம் என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன், ஏனென்றால் சமையல் குறிப்புகளில் இரண்டும் ஒரே குரலில் வருவதால்தான் பாதிக் குழப்பம்.

பச்சைப் பழத்தில் செய்யும் பைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். பச்சை ஆப்பிளில் ஏறத்தாழ 85 சதவீதம் தண்ணீர். ஓவனுக்குள் போனதும் அது தண்ணீரை விடும், எவ்வளவு விடும் என்பது பழத்துக்குப் பழம் மாறும், அதனால்தான் அந்தப் பையில் சோள மாவுக்கு அவ்வளவு வேலை. உலர்பழம் இதற்கு நேர் எதிர். திராட்சையில் மிஞ்சியிருப்பது 15 சதவீதம் தண்ணீர்தான், ஆப்பிள், ஆப்ரிகாட், ப்ரூன் (உலர்ந்த பிளம்ஸ்) போன்றவற்றில் 30 சதவீத அளவில் இருக்கும். அது தண்ணீரை விடாது, குடிக்கும். பக்கத்தில் இருக்கும் சாற்றையும் பாகையும் உள்ளே இழுக்கும், ஆனால் மெதுவாகத்தான் இழுக்கும். உங்கள் முதல் பையில் நடந்ததைப் பாருங்கள்: பழம் இன்னும் தாகத்தோடு இருக்கும்போதே அதைத் தண்ணீரோடு மாவுக்குள் கொட்டிவிட்டீர்கள், பழம் குடித்து முடிப்பதற்குள் மிச்சத் தண்ணீர் அடிமாவில் இறங்கிவிட்டது. இரண்டாவது தடவை தண்ணீரையே குறைத்ததால் பழத்துக்குக் குடிக்க ஒன்றும் இல்லை. இரண்டுமே ஒரே கோளாறுதான், பழம் பாதி ஊறிய நிலையில் ஓவனுக்குப் போனது.

அதனால் முறை இதுதான்: உள்ளே வைக்கும் பூரணத்தை அடுப்பிலேயே முழுக்க முடித்துவிடுங்கள். ஊறுவது, வேகுவது, கெட்டியாவது, இனிப்பு புளிப்பு சரிபார்ப்பது எல்லாமே அடுப்பில், பாத்திரத்தில், கண்முன்னால் நடக்கட்டும். ஓவனுக்குள் போன பிறகு பழத்துக்கு வேலையே இருக்கக் கூடாது. அங்கே வேக வேண்டியது மாவு மட்டும்தான். இது உலர்பழ பைக்குக் கிடைத்த பெரிய வசதி, பச்சைப் பழ பையில் இந்த வசதி கிடையாது. அங்கே பழத்தையும் மாவையும் ஒரே நேரத்தில் ஒரே சூட்டில் திருப்திப்படுத்த வேண்டும்.

23 சென்டிமீட்டர், அதாவது 9 அங்குலத் தட்டுக்கு மொத்தம் 400 கிராம் உலர்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் போடும் கலவை 200 கிராம் ஆப்பிள், 120 கிராம் ஆப்ரிகாட் அல்லது ப்ரூன், 80 கிராம் திராட்சை. இந்தப் பிரிவு என் ருசி, சட்டம் இல்லை. ஆனால் பாதியாவது ஆப்பிள் இருந்தால் நல்லது, ஏனென்றால் அதுதான் குழைந்து மற்றதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். வெறும் திராட்சையும் பேரீச்சையும் போட்டால் ஒரு துண்டுக்கு மேல் யாராலும் சாப்பிட முடியாது, அவ்வளவு தித்திப்பு. அப்புறம், ப்ரூன் பொட்டலத்தில் கொட்டை நீக்கியது என்று போட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள், ஒன்றிரண்டு கொட்டை எப்படியும் தப்பி வந்திருக்கும், அது யாருடைய பல்லுக்கு அகப்படும் என்று சொல்ல முடியாது. அத்தியானால் காம்பைக் கிள்ளிவிடுங்கள். திராட்சை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க லேசாக எண்ணெய் தடவி விற்பதுண்டு, வெந்நீரில் ஒரு அலசு அலசினால் போய்விடும்.

பழத்தை ஒரே அளவாக நறுக்காதீர்கள். ஆப்பிள் வளையங்களை நாலாக வெட்டினால் போதும், ஆப்ரிகாட்டை இரண்டாக, திராட்சை அப்படியே. ஆப்பிளையும் ஆப்ரிகாட்டையும் அகலப் பாத்திரத்தில் போட்டு 600 மில்லி கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவைத்து ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் விடுங்கள். அவசரம் இல்லையென்றால் முதல் நாள் ராத்திரியே பச்சைத் தண்ணீரில் போட்டுவிடலாம், பலன் ஒன்றுதான். திராட்சையைச் சேர்த்து ஊறவைக்க வேண்டாம், அது பின்னால் வரட்டும், இல்லாவிட்டால் மற்றது வேகுவதற்குள் உப்பி வெடித்து ருசியைத் தண்ணீரில் விட்டுவிடும். ஊறிய தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள், பழத்தின் ருசி பாதி அதில்தான் இருக்கிறது. அதே தண்ணீரோடு அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதிக்கவிடாமல், சிறு தீயில் 20 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். பாதி வெந்ததும் திராட்சையைப் போடுங்கள்.

வெந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க நிமிடக் கணக்கை நம்ப வேண்டாம். இருப்பதிலேயே தடிமனான ஆப்ரிகாட் துண்டு ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். ஓரம் பளபளப்பாகவும் நடுவில் மங்கலாக, கொஞ்சம் வெளிறிய கோடு போலவும் தெரிந்தால் தண்ணீர் நடுவரைக்கும் போகவில்லை. முகம் முழுக்க ஒரே நிறமாக, ஈரமாக, விரலால் அழுத்தினால் மசியும் பதத்தில் இருந்தால் போதும். இதற்குள் தண்ணீர் வற்றிவிட்டால் தயங்காமல் இன்னும் ஒரு கை வெந்நீர் விடுங்கள். நான் சொன்ன 600 மில்லி ஒரு தொடக்கம்தான், பொட்டலத்துக்குப் பொட்டலம் பழத்தின் காய்ச்சல் மாறும், ஒரு வருடம் அலமாரியில் கிடந்த ஆப்பிள் கேட்கும் தண்ணீரைப் புதிது கேட்காது.

இப்போது பலர் தவறவிடும் இடம். சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் தொடக்கத்திலேயே போடக் கூடாது. இது கைப்பழக்கம் இல்லை, காரணம் தெரிந்த விஷயம். சர்க்கரை கலந்த தண்ணீரில் பழம் மெதுவாகத்தான் ஊறும், வெளியே இருக்கும் சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. புளிப்பு வேறு வழியில் தடுக்கும்: பழத்தின் சதையைக் கட்டி வைத்திருக்கும் பெக்டின், புளிப்பு கூடினால் எளிதில் கரையாது, அதனால் துண்டு இறுகியே நிற்கும். நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கிளறினேன் என்று எழுதியிருந்தீர்கள், அந்தச் சவ்வுக்கு இதுவும் ஒரு காரணம். பழம் மெத்தென்று ஆன பிறகுதான் 80 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு எலுமிச்சையின் சாறு, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். சர்க்கரையை முதலில் பாதியளவு போட்டு ருசி பாருங்கள், ஆப்ரிகாட் புளிப்பாக இருந்தால் 80 பத்தாது, ப்ரூன் அதிகம் இருந்தால் 50 போதும். பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டிக்கும் குறைவு, ஜாதிக்காய் இருந்தால் இரண்டு உரசல். கிராம்பில் மட்டும் கைக்கஞ்சமாக இருங்கள், கூடிப்போனால் பல்வலி மருந்து வாசனை வந்துவிடும்.

சோள மாவு? அனேகமாக வேண்டாம். ஆப்பிளிலும் ஆப்ரிகாட்டிலும் உள்ள பெக்டின் வேகும்போது கரைந்து சாற்றைத் தானே இறுக்கிவிடும், ஆறினால் இன்னும் இறுகும். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுங்கள். அடி தெரிந்து, அந்தக் கோடு ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு சோம்பலாக மூடிக்கொண்டால் பதம் சரி. உடனே சாறு ஓடி வந்து மூடினால் இன்னும் சில நிமிடம் வற்றவிடுங்கள். கோடு மூடவே இல்லையென்றால் ரொம்ப வற்றிவிட்டது, கொஞ்சம் வெந்நீர் சேருங்கள். பழம் நன்றாக வெந்தும் சாறு தண்ணியாகவே நிற்கிறது, மேலும் வற்றவைத்தால் பழம் கூழாகிவிடும் என்ற நிலையில் மட்டும் ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, நன்றாகக் குமிழி வந்து கொதிக்கும்வரை கிளறுங்கள். கொதி வராவிட்டால் மாவு வாசனை போகாது, கெட்டியும் ஆகாது. மைதாவைப் போட்டுக் கெட்டியாக்குவதானால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும், சாறும் கலங்கிவிடும், எனக்குப் பிடிப்பதில்லை.

ஆப்ரிகாட் பற்றி ஒரு எச்சரிக்கை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருப்பது நிறம் மாறாமலிருக்க சல்ஃபர் டையாக்சைடு காட்டியது. பழுப்பாக, பார்க்கக் கொஞ்சம் அழுக்காக இருப்பது அது காட்டாதது, ருசியில் பாகு வாசம் வரும், ஊற நேரம் கூடுதலாகும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த சல்ஃபைட் மூச்சுத் தொந்தரவைக் கிளப்பும். மூடாமல் வேகவைத்தால் ஓரளவு ஆவியோடு போகும், ஆனால் முழுதும் போய்விடும் என்று நம்பி யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்டவர் சாப்பிடப்போகிறார் என்றால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து, சல்ஃபைட் இல்லாததை வாங்குங்கள்.

பழைய பாணி என்று நீங்கள் சொன்னதால் ஒரு சின்னச் சுற்று. பென்சில்வேனியாவின் ஜெர்மன் வழிக் குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் ஆப்பிளைக் கீறிக் காயவைத்து, பனிக்காலம் முழுக்க ஷ்னிட்ஸ் பை செய்வார்கள். அதில் உலர் ஆப்பிளை வேகவைத்துக் குழைத்துப் பட்டை, கிராம்பு போட்டு அதன் பிறகே மாவுக்குள் வைப்பது வழக்கம். அதே மக்கள் துக்க வீட்டுக்குத் திராட்சை பை எடுத்துப் போவார்கள், திராட்சை எந்தப் பருவத்திலும் வீட்டில் இருக்கும் என்பதால். இங்கிலாந்தின் மின்ஸ் பை வேறு வகை. அதன் பூரணத்தில் முன்பு இறைச்சியும் உண்டு, பிற்பாடு இறைச்சி போய் மாட்டுக் கொழுப்பு மட்டும் நின்றது, இப்போது பலர் தாவரக் கொழுப்பைப் போடுகிறார்கள். அதை அடுப்பில் வேகவைப்பது கட்டாயமில்லை, பழம், துருவிய ஆப்பிள், சர்க்கரை, பிராந்தி எல்லாம் கலந்து ஜாடியில் வாரக்கணக்கில் வைத்துவிடுவார்கள். பார்த்தால் நான் சொன்னதற்கு எதிர்போலத் தெரியும், ஆனால் அங்கேயும் பழம் மாவுக்குள் போகுமுன் குடித்து முடித்துவிடுகிறது, அடுப்பு செய்வதை அங்கே காலம் செய்கிறது. நீங்கள் சொல்லும் பை முதல் வகையைச் சேர்ந்தது, எனவே அடுப்புதான்.

சரி, மாவுக்கு வருவோம். எடையில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு தண்ணீர் என்பது பேக்கரிகளில் ரொம்ப நாளாகப் புழங்கும் கணக்கு. அடியும் மூடியும் சேர்த்து 320 கிராம் மைதா, 215 கிராம் உப்பில்லாத வெண்ணெய், ஏறக்குறைய 100 மில்லி ஐஸ் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. தண்ணீரை மட்டும் 80 மில்லியில் தொடங்கித் தேவைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், மாவு பிடிக்கும் தண்ணீர் மைதாவுக்கு மைதா மாறும். கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கோப்பையில் மாவை அழுத்தி அள்ளினால் ஒரு அளவு, தூவி அள்ளினால் ஒரு அளவு.

வெண்ணெய் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். வெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். கட்டியாக மாவுக்குள் கிடக்கும் வெண்ணெய், ஓவன் சூட்டில் உருகி அந்த இடத்தைக் காலி செய்யும், அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகத் தூக்கும். கை சூட்டில் முன்கூட்டியே உருகிவிட்டால் மாவோடு கலந்துவிடும், அடுக்கு வராது, பிஸ்கட் மாதிரி உதிரும். எனவே வெண்ணெயைச் சதுரத் துண்டுகளாக வெட்டி, குளிரவைத்த மைதாவில் போட்டு, விரல் நுனியால் ஒவ்வொரு துண்டையும் நசுக்கித் தட்டையாக்குங்கள், உள்ளங்கை படவேண்டாம். சில துண்டு பட்டாணி அளவில் மிஞ்சட்டும், சிலது ரவை மாதிரி ஆகட்டும். ஐஸ் தண்ணீரைத் தெளித்து முள்கரண்டியால் புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடித்த பிடி நிற்கவேண்டும், உடைத்தால் உதிரவேண்டும், அதுதான் பதம். பார்க்க வறட்சியாகத்தான் இருக்கும், பயந்துபோய் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் ஒருநாளும் பிசைய வேண்டாம், தண்ணீரோடு சேர்ந்து பிசையப் பிசைய, மாவை இழுவையாக்கும் புரதமான குளூட்டன் வலுவாகும், சப்பாத்திக்கு வேண்டியது அது, இங்கே அது எதிரி.

இரண்டாகப் பிரித்து, அடிக்குச் சற்றுப் பெரிய பங்காக எடுத்து, தட்டையாக அமுக்கிச் சுற்றி, ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். இந்த ஓய்வு வெறும் சம்பிரதாயம் இல்லை: வெண்ணெய் மறுபடி இறுகும், தண்ணீர் எல்லா இடத்துக்கும் பரவும், குளூட்டன் தளர்ந்து, தேய்க்கும்போது திரும்பச் சுருங்காது. மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துத் தட்டில் இறக்கும்போது இழுத்து நீட்டாதீர்கள். தூக்கித் தளர்வாக மூலையில் விழவிடுங்கள், இழுத்த மாவு ஓவனில் பழைய இடத்துக்கே ஓடிப்போகும்.

மாவைப் பற்றி நீங்கள் படித்ததாகச் சொன்ன உபாயங்களில் எனக்கு முழு நம்பிக்கை இல்லாதவை சில உண்டு. தண்ணீருக்குப் பதில் பாதி வோட்கா ஊற்றுவது: ஆல்கஹாலில் குளூட்டன் உருவாகாது என்பது உண்மைதான், ஆனால் தண்ணீரை அளவோடு விடுகிற கைக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஒரு தேக்கரண்டி வினிகர் மாவை மிருதுவாக்கும் என்பது: அந்த அளவுக்கு ஏதாவது நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கும் மாவு சாம்பல் நிறமாகாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். அடிமாவில் முட்டை வெள்ளை பூசுவது: கொஞ்சம் உதவும், ஆனால் ஓடும் சாறை அது தடுக்காது, பூரணம் சரியான பதத்தில் இருந்தால் தேவையும் இல்லை. பன்றிக் கொழுப்பில் அடுக்கு நன்றாக வரும் என்பது மட்டும் சந்தேகமில்லாத உண்மை, ஆனால் ருசிக்கு வெண்ணெய்தான், ஆகவே பாதிப் பாதி போடுகிறவர்களும் உண்டு. முழுக் கோதுமை மாவு போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கால் பங்கு வரை மாற்றலாம், தண்ணீர் சற்றுக் கூடுதலாகக் கேட்கும், முழுக்க அதையே போட்டால் தேய்க்கும்போதே வெடிக்கும்.

பூரணம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பும் கூடாது, ஏனென்றால் வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகி, 32 டிகிரிக்கு மேல் போனால் உருகிவிடும், சூடான பழத்தைக் கொட்டினால் அடிமாவு ஓவனைப் பார்க்குமுன்பே எண்ணெயாகிவிடும். முதல் நாளே பூரணத்தையும் மாவையும் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் தேய்ப்பதும் சுடுவதும்தான் வேலை. பழத்தைப் பரப்பி, மூடியைப் போட்டு, ஓரத்தை ஒட்டி, மேலே நாலைந்து இடத்தில் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் நீராவி தானே ஒரு வழி பார்த்துக்கொள்ளும், அனேகமாக நீங்கள் அழகாக மடித்த ஓரம் வழியாக. மேலே முட்டை பூசுவது, சர்க்கரை தூவுவது எல்லாம் உங்கள் இஷ்டம். மூடிய பையை இன்னொரு 20 நிமிடம் குளிரவைத்துவிட்டுச் சுடுங்கள், ஓரத்து வடிவம் கலையாது.

அடிமாவு வேகாததற்கு மிச்சக் காரணம் ஓவன். ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு கனமான இரும்பு ட்ரேயை வைத்து, 220 டிகிரியில் குறைந்தது அரை மணி நேரம் சூடாக்குங்கள். பையை நேராக அந்த ட்ரேயின்மேல் வையுங்கள், அடியில் சட்டென்று சூடு ஏறினால் வெண்ணெய் வழிந்து ஓடுமுன் மாவு இறுகிவிடும். இதற்கு உலோகத் தட்டுதான் சரி. கண்ணாடித் தட்டில் அடி சிவந்ததைத் தூக்கிப் பார்க்க முடியும் என்பது வசதிதான், ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியைக் காய்ந்த இரும்பில் வைத்தால் வெடிக்கக்கூடும், அந்த விஷப்பரீட்சை வேண்டாம். கனமான பீங்கான் தட்டு சூடேற நேரமெடுக்கும், மேல்மாவு கருகும்போது அடி அப்போதுதான் விழித்துக்கொள்ளும். 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 190க்குக் குறைத்து இன்னும் 35 முதல் 40 நிமிடம். மேல்பக்கம் முன்னதாகவே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போட்டுவிட்டு, அடிக்காகக் காத்திருங்கள்.

உங்களுடையது மேலும் கீழும் கம்பி உள்ள சிறிய ஓவன் என்கிறீர்கள். மேல்கம்பி பைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பதால் மேல்மாவு சீக்கிரம் சிவக்கும், அதைப் பார்த்து ஆயிற்று என்று எடுத்துவிடுகிறீர்கள், எனக்குத் தோன்றுவது இதுதான். முதல் 20 நிமிடம் முடிந்ததும் கீழ்க்கம்பி மட்டும் எரியும்படி திருப்பி வைக்க வழி இருந்தால் வையுங்கள். இந்தச் சிறிய ஓவன்களில் குமிழில் காட்டும் டிகிரிக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம், ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் பல சந்தேகம் தீரும். உங்கள் ஓவனை நான் பார்க்காததால் என் நிமிடக் கணக்கைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளம் இது: மூடி வெளிர்மஞ்சள் இல்லாமல் நன்றாகப் பழுப்பேறியிருக்க வேண்டும், கீறல்களில் பாகு மெல்லக் குமிழ வேண்டும், தட்டைக் கையுறையோடு பிடித்து லேசாக ஆட்டினால் பை தட்டிலிருந்து விடுபட்டு ஒரு அசைவு அசைய வேண்டும். அடி பச்சையாக இருந்தால் அந்த அசைவு வராது, ஒட்டிக்கொண்டு நிற்கும். பழம் ஏற்கெனவே வெந்துவிட்டதால் பத்து நிமிடம் கூடுதலாகவே வைத்தாலும் உள்ளே எதுவும் கெடாது, சந்தேகம் வந்தால் வையுங்கள்.

வெளியே எடுத்ததும் கம்பி வலையின்மேல் வைத்து ஆறவிடுங்கள், அடியில் காற்று போகாத மேடையில் வைத்தால் நீராவி திரும்ப மாவிலேயே இறங்கும். மூன்று மணி நேரத்துக்கு முன் வெட்டாதீர்கள், பெக்டின் இறுக அவ்வளவு நேரம் வேண்டும். இந்தப் பூரணத்தில் பாலும் முட்டையும் இல்லாததால் இரண்டு நாள் வெளியிலேயே மூடி வைக்கலாம், அதற்கு மேல் ஃபிரிட்ஜில் இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கும். மறுநாள் சூடாக்குவதானால் 170 டிகிரி ஓவனில் பத்துப் பதினைந்து நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு நிமிடத்தில் சூடாகும், மாவு துணி மாதிரி துவண்டுவிடும்.

இந்தத் தடவை ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் மாவைத் தொடாதீர்கள், பழைய கணக்கிலேயே போடுங்கள், பழத்தை மட்டும் நான் சொன்னபடி அடுப்பில் முடித்து ஆறவைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அடி பச்சையாக வந்தால் பழத்தின்மேல் பழி இல்லை, ஓவன்தான். தட்டு எந்த உலோகம், ஓவனில் எந்தத் தட்டில் வைத்தீர்கள், கீழ்க்கம்பி எரிந்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.